மாட்டுக் கயிறு வேறு, குதிரைக் கயிறு வேறு

போன தை மாதம் ஒரு ஞாயிறு இரவு, கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் நடந்த கல்யாண ஊர்வலத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. சாரட் வண்டியில் பூட்டக் கொண்டுவந்த குதிரை சரவெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடி, முன்னங்காலைக் கிழித்துக்கொண்டுவிட்டது. போய்ப் பார்த்தேன். காயம் ஆழமில்லை, தையல் போட்டேன். அப்புறம்தான் கயிறு பிடித்திருந்த பையனைக் கவனித்தேன். மண்டபச் சுவரோரம் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். துண்டை விலக்கினால் மோதிர விரலில் அடிக்கணுவிலிருந்து தோல் உரிந்து நிற்கிறது. நடுவிரல் நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

"கயித்தைக் கையில சுத்தியிருந்தியா தம்பி?"

"ரெண்டு சுத்து சார். வீட்ல மாட்டை அப்படித்தான் பிடிப்போம்."

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பண்ருட்டி, நெல்லிக்குப்பம், பாகூர் என்று நம் பக்கம் மாடு பிடித்துப் பழகிய கைகள் ஏராளம். குதிரையோ அய்யனார் கோவில் வாசலில் மண்ணாகப் பார்த்ததுதான். உயிருள்ள குதிரையைக் கடற்கரையிலோ கல்யாண வீட்டிலோ நெருங்கும்போது, தெரிந்த மாட்டுப் பழக்கம் தானாகக் கைக்கு வந்துவிடுகிறது. வருகிற காயங்களில் பாதிக்கு மேல் இதனால்தான் என்பது என் அனுபவம்.

மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது. இழுத்தால் வலிக்கும், நிற்கும். குதிரைக்கு அது கிடையாது. தலைக்கயிறு முகத்து எலும்பின் மேல் கிடக்கிறது, அவ்வளவுதான். 300, 400 கிலோ எடையுள்ள பிராணி மிரண்டு பாய்ந்தால் எந்த ஆளாலும் பிடித்து நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் கையில் சுற்று இருந்தால் கயிறு இறுகி விரலைக் கொண்டுபோகும், இல்லையென்றால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே கயிற்றைச் சுற்றாதீர்கள். மீதிக் கயிற்றைப் புடவைக் கொசுவம்போல மடித்து, மடிப்புகளின் நடுவில் விரல்களால் பற்றிக்கொள்ளுங்கள். விரலைத் திறந்தால் மொத்தமும் நழுவ வேண்டும். இதை ஒருமுறை வீட்டிலேயே வெறும் கயிற்றை வைத்துச் செய்து பாருங்கள், கை தானே கற்றுக்கொள்ளும்.

அந்த மடிப்பு இடது கையில் இருக்கட்டும். வலது கை தாடைக்குக் கீழே ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளிப் பிடிக்கட்டும். நடப்பது குதிரையின் இடப்பக்கம், அதன் தலைக்கும் தோளுக்கும் நடுவில். இடுப்பின் இடப்பக்கம் வாள் தொங்கிய காலத்துப் படைவீரர்கள் இடப்பக்கமாகவே ஏறினார்கள். அந்த வழக்கத்திலேயே இன்றும் பெரும்பாலான குதிரைகளைப் பழக்குகிறார்கள். திருப்ப வேண்டுமானால் தலையை உங்களிடமிருந்து வலப்பக்கமாகத் தள்ளித் திருப்புங்கள். உங்கள் பக்கம் இழுத்தால் குளம்பு உங்கள் பாதத்தில்தான் இறங்கும். ரப்பர் செருப்போடு குதிரையை நடத்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுகிறது. மூடிய, கெட்டியான ஷூ கட்டாயம் வேண்டும்.

குதிரை நகர மறுத்தால் நாம் செய்வது என்ன? முன்னால் போய் நின்று, அதன் முகத்தைப் பார்த்தபடி இழுக்கிறோம். அதுவும் பின்னுக்கு இழுக்கும். எதிர்த்து இழுப்பது அதன் இயல்பு. பக்கத்திலேயே நின்று தலையை லேசாக ஒருபுறம் திருப்பினால் நிலை மாறி ஒரு காலை எடுத்து வைக்கும். வைத்த அந்த நொடியே கயிற்றைத் தளர்த்துங்கள். கயிறு தளர்ந்ததுதான் அதற்குக் கிடைத்த பரிசு, அடுத்த அடி சுலபமாக வரும்.

கண் விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். தலையின் இருபுறமும் கண் இருப்பதால் குதிரை சுற்றிலும் ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்க்கிறது. நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. நின்றுகொண்டே தூங்கவும் செய்யும். அதனால் இடது தோளை நோக்கிச் சாய்வாக, குரல் கொடுத்தபடி போங்கள். மாடு பக்கவாட்டில் உதைக்கும் என்று பயந்து பின்பக்கமாகச் சுற்றிப் போகும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. குதிரையிடம் இது ஆபத்து. அதன் முழு வேகமும் நேர் பின்னால்தான். மாட்டுக்கு ஐந்து முழம், குதிரைக்குப் பத்து முழம் தள்ளி நில் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. பத்து முழம் என்றால் 15 அடி, உதை எட்டாத தூரம். அவ்வளவு இடம் இல்லையா, பின்புறத்தில் கையை வைத்துப் பேசிக்கொண்டே உடம்போடு ஒட்டிக் கடந்துவிடுங்கள். ஒட்டி நிற்கும்போது காலை முழுசாக வீச முடியாது, அடி விழுந்தாலும் அதன் பலம் குறையும். நடுவாந்திரமான தூரம்தான் மோசம்.

கட்டும்போது கடிவாளத்தில் கட்ட வேண்டாம், இழுத்தால் வாய் கிழியும். தலைக்கயிற்றில், நுனியை இழுத்தால் சட்டென்று அவிழும் முடிச்சாகப் போட்டு, அசையாத மரத்திலோ தூணிலோ நெஞ்சுயரத்துக்கு மேல் கட்டுங்கள். பைக்கில் கட்டிய குதிரை பைக்கையும் இழுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் மணலில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். பின்னால் தடதடவென்று வரும் சத்தத்துக்கு மேலும் மேலும் மிரண்டது.

மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும்போது மேளம், வேட்டு, கூட்டம் எல்லாம் சேர்ந்துவிடும். பழகாத குதிரையை அன்று அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். எங்கேயாவது மிரண்டுவிட்டால் கயிற்றைக் கொஞ்சம் ஓடவிட்டு, தோள் பக்கத்திலேயே நின்று தலையை வட்டமாகத் திருப்பப் பாருங்கள். முடியவில்லையா, விட்டுவிடுங்கள். ஓடின குதிரையை அப்புறம் பிடித்துக்கொள்ளலாம்.

கயிறு அறுத்த காயம், குளம்பு மிதித்த காயம் எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குதிரைச் சாணத்திலும் லாய மண்ணிலும் டெட்டனஸ் கிருமி இருக்கும். "மஞ்சள் வெச்சுக் கட்டிக்கிறேன் சார்" என்று அந்தப் பையன் மறுத்தான். நான் விடவில்லை, அன்று இரவே அவனுக்கு ஊசி போடவைத்தேன். டெட்டனஸ் குதிரைகளையும் எளிதில் கொல்லும் நோய், அதனால் குதிரைக்கும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.