உறைபனி பிளந்து தந்த கூரை

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில், தேம்ஸ் ஆற்றுக்குப் பக்கத்தில் கெல்ம்ஸ்காட் மேனர் என்ற வீடு இருக்கிறது. 1600 வாக்கில் சுண்ணாம்புக்கல்லால் கட்டியது. வடிவமைப்பாளரும் கவிஞருமான வில்லியம் மோரிஸ் 1871-இல் இதை வாடகைக்கு எடுத்தார். இந்த வீட்டில் எனக்குப் பெரிய அதிசயம் கூரைதான். சுவரைப் போலவே அதுவும் கல்.

கல்லை ஓடுபோல மெல்லிசாக்கியது எது? உளி இல்லை, குளிர். அதே ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு கிராமம் இந்தக் கல்லோடுகளுக்குப் பேர்போனது. பூமிக்கடியிலிருந்து வெட்டி எடுத்த பாறையை, அதன் ஈரம் காயாதபடி மண் போட்டு மூடிவைப்பார்கள். கடும் உறைபனி வந்ததும் மூடாக்கை விலக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். அடுக்குகளுக்கிடையே ஊறியிருந்த ஈரம் பனிக்கட்டியாகி அவற்றை நெம்பிவிடும். அப்புறம் சுத்தியலால் தட்டினால் பலகை பலகையாகப் பிரியும். ஒருமுறை காய்ந்த பாறை பிறகு எந்தப் பனிக்கும் மசியாது. அதனால்தான் உறைபனி இறங்கும் இரவில் தேவாலய மணியடித்து ஊரையே எழுப்பினார்களாம்.

சரி, இப்படிப் பிரிந்த பலகைகள் ஒரே அளவில் இருக்காதே? பெரியதைக் கீழே இறவாரத்தில் வைத்து, மேலே போகப்போகச் சிறிதாக்கி, முகட்டில் ஆகச் சிறியதை வைத்தார்கள். கூரையில் விழும் மழையெல்லாம் கீழ் வரிசைகளைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே ஓடு பெரிதாக இருந்தால் இடுக்குகள் குறையும், ஒன்றன்மேல் ஒன்று படியும் பரப்பும் கூடும். பாரம் மிகுந்த ஓடுகள் சுவருக்குப் பக்கத்திலேயே அமர்ந்துவிடும். ஒவ்வொரு ஓட்டின் தலைப்பக்கமும் ஒரு துளை. அதில் செருகிய ஓக் மர முளை ரீப்பரில் மாட்டிக்கொள்ள, ஓடு தன் எடையிலேயே அசையாமல் கிடக்கும்.

கூரை செங்குத்தாகச் சரிவதற்கும் காரணம் உண்டு. இந்தக் கல் நீரை உறிஞ்சும். மழைநீர் தேங்கி ஊறினால், ஓட்டைப் பிளந்து கொடுத்த அதே உறைபனி அதை மறுபடியும் பிளந்துவிடும். சுவரிலும் இதே கதைதான். கற்களுக்கிடையே உள்ள சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியே விட்டுவிடும். அந்த இடத்தில் சிமென்ட் பூசினால் ஈரம் கல்லுக்குள் சிக்கும், குளிர்காலத்தில் கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும்.

இது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம். அதன் தன்மையை மாற்றும் வேலை எதற்கும் அனுமதி வேண்டும். இத்தகைய பழைய கூரைகளுக்குப் பொருத்தமான கல் கிடைப்பதுதான் கஷ்டம். நார்தாம்ப்டன்ஷையரின் காலிவெஸ்டனிலும் இதே போலப் பனியால் பிளக்கும் கல் உண்டு. குளிர்காலங்கள் முன்போல உறையாததால், அங்கே இப்போது பாறையைக் குளிர்பதன அறைக்குள் வைத்து உறையவிட்டுப் பிளக்கிறார்கள்.