மருந்து டிரம்மில் மூழ்கிய ஓஸ்

அமெரிக்காவின் அலபாமாவில், ஹன்ட்ஸ்வில் நகரத்துக்கு அடியில் ஷெல்டா என்றொரு குகை. அதன் நீரில் மட்டுமே காணப்படும் கிரேஃபிஷ் (இறால் போன்ற நன்னீர் உயிரி) ஒன்று உண்டு. சுண்டுவிரல் அளவுதான், நிறமில்லை, பார்வையில்லை. 1963 முதல் 1975 வரை 115 உருப்படிகள் கணக்கில் வந்தன. பிறகு 1988-ல் ஒன்று, 2019-ல் ஒரு பெண், 2020-ல் ஒரு ஆண். அவ்வளவுதான். குகை வாயிலில் கம்பிக் கதவு போட்டதும் வௌவால்கள் போய்விட்டன. அவற்றின் எச்சம்தான் உள்ளே இரைக்கு ஆதாரம். மேலே ஊர் பெருகியது, கீழே நீரில் பூச்சிமருந்து எச்சம் தென்பட்டது.

இந்தியாவுக்குக் கிரேஃபிஷ் சொந்தமில்லை. டெல்டாவில் சுண்ணாம்புக் குகையும் இல்லை. மணலும் களியும் மாறிமாறிப் படிந்த வண்டல். ஆனால் அடியிலுள்ள நீரின் குணம் ஒன்றுதான்: வெயில் படாது, நுண்ணுயிர் குறைவு, மருந்து சிதைய நாளாகும். வயலில் விழும் மருந்தை மேல்மண் ஓரளவு பிடித்துக்கொள்ளும். போருக்குள் (ஆழ்துளைக் கிணற்றுக்குள்) நேரே இறங்கினால் தடுக்க ஒன்றுமில்லை. அந்தக் குகையில் எண்ணிப் பார்க்க ஓர் உயிராவது இருந்தது. இங்கே அடிபம்பில் குடிக்கிற நாம்தான்.

எப்படி இறங்குகிறது? பம்புசெட்டடியில் டிரம்முக்குள் ஓஸை மூழ்கவிட்டு மருந்தைக் கலக்குகிறார்கள். கரண்ட் போகிறது. குழாயில் நின்ற நீர் போருக்குள் திரும்பும்போது டிரம்மில் உள்ளதையும் இழுத்துக்கொள்ளும். நீரைத் திரும்ப விடாமல் தடுக்கும் நீர்மூழ்கி மோட்டாரின் வால்வில் மணல் சிக்கினால் முழுதாக மூடாது; நம் பக்கத்துப் போரில் மணல் வருவது புதிதா என்ன? ஓஸ் முனை டிரம் விளிம்புக்கு ஒரு சாண் மேலே தொங்கட்டும். முதலில் தண்ணீர், ஓஸை எடுத்த பிறகே மருந்து. டப்பாவை மூன்று முறை அலசி, அந்த நீரையும் ஸ்பிரேயரிலேயே ஊற்றி வயலுக்கே அடித்துவிடுங்கள்.

மழைநீர் சேமிப்பு என்று வயல் வடிகாலைப் பழைய போருக்குள் திருப்புவது நல்லெண்ணத்தில் செய்யும் கெடுதல். கல், சல்லி, மணல் அடுக்கு வண்டலைத்தான் தடுக்கும். கரைந்த மருந்தை விட்டுவிடும். கூரை நீர் போதும், அதிலும் முதல் மழை வெளியே போகட்டும். வேண்டாத போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்பவேண்டும் என்பது 2010-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழிமுறை. வெறும் மணல் கொட்டினால் நீர் வடியும். மேல் சில அடிக்குக் களிமண் இட்டு இடித்து இறுக்குங்கள்.

குறுவை நாற்றங்காலுக்கு முன் வால்வைச் சோதிக்கலாம். ஓஸ் முனையைச் சுத்தமான வாளி நீரில் மூழ்கவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். வாளி மட்டம் இறங்கினால் வால்வு கசிகிறது.