பரோட்டா மாஸ்டர் செய்யாத வேலை

"ஆப்பிள் பை செய்தேன். உள்ளே வைத்த பூரணம் பிரமாதம். மேலோட்டைத்தான் கடிக்க முடியவில்லை, பரோட்டா மாதிரி இழுத்தது. அரை மணி நேரம் அடித்துப் பிசைந்தேனே, எங்கே தப்பு?" என்று கேட்டிருக்கிறார் ஒரு வாசகி.

தப்பு அந்த அரை மணி நேரத்தில்தான்.

மைதாவில் கிளையடின், குளூட்டெனின் என்று இரண்டு புரதங்கள் உண்டு. தண்ணீர் பட்டதும் இரண்டும் சேர்ந்து, பிசையப் பிசைய குளூட்டென் என்ற வலையாகப் பின்னிக்கொள்ளும். பார்க்க ஆசையா? எலுமிச்சை அளவு மைதா உருண்டையை எடுத்துத் தண்ணீருக்குள் கசக்கிக் கழுவுங்கள். மாச்சத்தெல்லாம் பால் போலக் கரைந்து போய், சூயிங்கம் மாதிரி ஒன்று கையில் மிஞ்சும். இத்தாலியரான பெக்காரி இப்படிப் பிரித்தெடுத்த விவரம் 1745-லேயே அச்சாகிவிட்டது. பரோட்டா மாஸ்டர் விசிறும்போது மாவு கிழியாமல் விரிவது இந்த வலையால்தான். பைக்கு அது ஆகாது.

வலையைத் தடுப்பது கொழுப்பு. வழக்கமான கணக்கு எடையில் 3:2:1. அதாவது 150 கிராம் மைதா, 100 கிராம் வெண்ணெய், 50 கிராம் ஐஸ் தண்ணீர். வெண்ணெயில் பாதியை மாவோடு விரல் நுனியால் உதிரி உதிரியாகத் தேய்த்தால், மாவுத் துகள்மேல் கொழுப்பு பூசிக்கொள்ளும். தண்ணீர் புரதத்தை எளிதில் நெருங்க முடியாது. ஓடு பொறபொறவென்று வரும்.

மீதிப் பாதியில்தான் வித்தை இருக்கிறது. அதைப் பட்டாணி அளவுத் துண்டுகளாகவே விட்டுவிட வேண்டும். கட்டையால் தேய்க்கும்போது அந்தத் துண்டுகள் நசுங்கி, மாவுக்கு நடுவே மெல்லிய தகடுகளாகப் படுத்துக்கொள்ளும். 200 டிகிரி ஓவனில் வைத்ததும் முதலில் தகடு உருகும். அது இருந்த இடத்தில் ஒரு இடுக்கு. வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு அல்ல, கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது 1,600 மடங்குக்கு மேல் விரியும். 100 கிராம் வெண்ணெயில் உள்ள 16 கிராம் தண்ணீர் முழுக்க ஆவியானால் 20 லிட்டர் தண்ணீர் கேனில்கூட அடங்காது! பெரும்பகுதி தப்பி ஓடிவிடும், சரி. ஆனால் ஓடுவதற்கு முன் மேலே உள்ள மாவை முதுகு கொடுத்துத் தூக்கிவிடும். அதற்குள் மாவு வெந்து இறுகிவிட்டால், தூக்கியது தூக்கியபடியே நிற்கும். நாம் கடிக்கும்போது நொறுங்கும் ஏடுகள் அவைதான்.

நெய்யில் தண்ணீர் கிடையாது. அதனால்தான் நெய் விட்டுப் பிசைந்த சோமாசி வாயில் கரையும், ஆனால் ஏடு ஏடாகப் பிரியாது.

இதெல்லாம் நடக்க, ஓவனுக்குப் போகும்வரை வெண்ணெய் கட்டியாக இருக்க வேண்டும். 35 டிகிரியில் அது உருகிவிடும். மே மாதத்துச் சென்னை அடுப்படியே அந்தச் சூட்டில்தான் இருக்கிறது. சிலருக்கு மட்டும் பை அழகாக வருவதைப் பார்த்து "கைராசி" என்பார்கள். எனக்கு ராசியில் நம்பிக்கை இல்லை, கையில் உண்டு. உள்ளங்கைச் சூடு எல்லோருக்கும் ஒன்றல்ல. சில்லென்ற கைக்காரருக்கு வெண்ணெய் மெதுவாக இளகும், அவ்வளவுதான். சூடான கைக்காரர்கள் ஐஸ் தண்ணீரில் கையை நனைத்துத் துடைத்துக்கொண்டால் அதே ராசி வந்துவிடும்.

அப்புறம், தண்ணீரில் பாதிக்கு வோட்கா ஊற்றும் முறையை 2007-ல் ஒரு அமெரிக்கச் சமையல் இதழ் சொன்னது. சாராயத்தில் குளூட்டென் வலை சரியாகப் பின்னாது. வேகும்போது சாராயமும் பெரும்பாலும் ஆவியாகிவிடும். நல்ல வேதியியல்தான். ஆனால் அதற்காக மதுக்கடை வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சேர்த்துப் பிடித்த மாவை அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தாலே வலையின் முறுக்கு தளரும், வெண்ணெயும் மறுபடி இறுகும்.

அடுத்த முறை மாவில் வெள்ளை வெள்ளையாக வெண்ணெய்த் திட்டு தெரிந்தால், அந்த வாசகி அதை அப்படியே விட்டுவிடட்டும்.