புழுவைத் தின்று முளைக்கும் பூஞ்சை

வாட்சப்பில் சுற்றும் படம் ஒன்றை அனுப்பி ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "இது குளிர்காலத்தில் புழுவாகவும் கோடையில் புல்லாகவும் மாறுகிற இமயமலை மூலிகையாமே, நிஜமா?" படம் நிஜம், கதைதான் தப்பு. எந்தப் புழுவும் புல்லாக மாறுவதில்லை. படத்தில் கீழே இருப்பது ஒரு அந்துப்பூச்சிப் புழுவின் சடலம். அதன் தலையிலிருந்து பழுப்பாக, குச்சி போல நீட்டிக்கொண்டிருப்பது பூஞ்சை. ஓஃபியோகார்டிசெப்ஸ் சினென்சிஸ் என்று பெயர். நேபாளத்தில் யார்சாகும்பா, உத்தராகண்டில் கீடா ஜடி.

திபெத்தியப் பீடபூமியிலும் அதை ஒட்டிய இமயமலைச் சரிவுகளிலும், ஏறக்குறைய 3000 முதல் 5000 மீட்டர் உயரப் புல்வெளிகளில், இந்தப் புழுக்கள் மண்ணுக்குள் வேர்களைத் தின்று சில வருடங்கள் வளரும். குளிர் பிரதேசம், அதனால் எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். அந்த நீண்ட காலத்தில் எப்போதாவது பூஞ்சையின் வித்து ஒன்று புழுவின் மேல் ஒட்டிவிட்டால் அதன் கதை முடிந்தது.

எப்படி முடிகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த இடம், கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். இமயமலைப் பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரிய தலைவலி. ஆகவே இந்த உள்விவரங்களில் பலவும் அதன் உறவுக்காரப் பூஞ்சையான மெட்டாரைசியத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. காண்டாமிருக வண்டை ஒழிக்க நம்மூர் தென்னை விவசாயிகள் எருக்குழியில் கலந்துவிடுகிற பச்சை மஸ்கார்டைன் பூஞ்சை இருக்கிறதே, அதேதான்.

பூச்சியின் மேல்தோல் கைட்டின் என்ற உறுதியான சர்க்கரைச் சங்கிலியும் புரதமும் சேர்ந்த கெட்டியான கவசம். ஒட்டிக்கொண்ட வித்து முளைத்து, முனையில் ஒரு குமிழை உண்டாக்கி, அதற்குள் அழுத்தத்தை ஏற்றித் தோலைக் குத்துகிறது. கூடவே புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. இத்தனைக்கும் பூஞ்சையின் சொந்தச் செல்சுவரிலும் கைட்டின் உண்டு, தன் சுவர் கரையாமல் அடுத்தவன் சுவரை மட்டும் கரைக்க வேண்டும்.

சரி, உள்ளே வந்தாயிற்று. பூச்சிக்கு நம்மைப் போல ரத்தக் குழாய்களின் பின்னல் கிடையாது, உடல் குழி முழுக்க ரத்தம் குளம் கட்டி நிற்கும், அதில் காவல் செல்கள் மிதந்துகொண்டிருக்கும். பூஞ்சைகளின் செல்சுவரில் இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலியைக் கண்டால் அந்தக் காவல் செல்கள் சூழ்ந்துகொண்டு அமுக்கிவிடும். மெட்டாரைசியம் என்ன செய்கிறது தெரியுமா? ரத்தம் பட்ட இருபது நிமிடத்துக்குள் ஒரு மரபணுவை இயக்கி, நம் தோலில் இருக்கும் கொலாஜனைப் போன்ற புரதம் ஒன்றைத் தயாரித்துத் தன் மேல் முழுக்கப் போர்த்திக்கொள்கிறது. சர்க்கரை மறைந்துவிடுகிறது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தவனை "நீ யார் வீட்டு ஆள்?" என்று யாரும் கேட்காத மாதிரி, காவல் செல்கள் பக்கத்திலேயே மிதந்தும் கண்டுகொள்வதில்லை. இந்த மரபணுவை நீக்கிய பூஞ்சை உடனே மாட்டிக்கொண்டது என்று 2006இல் வந்த ஆய்வு காட்டியது.

இமயமலைப் பூஞ்சையும் புழுவின் ரத்தத்துக்குள் போனதும் இழை வடிவத்தை விட்டுவிடுகிறது, ஈஸ்ட் போலத் தனித்தனிச் செல்களாகப் பெருகுகிறது. கடைசியில் புழு மண்ணின் மேற்பரப்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே வரை ஏறி வந்து, தலை மேல் நோக்கி இருக்க, செத்துப்போகிறது. அப்புறம் பூஞ்சை மறுபடி இழைகளாகி உள்ளே இருப்பதையெல்லாம் தின்று, வெறும் தோலுக்குள் கெட்டியாக அடைந்துகொண்டு குளிர்காலத்தைக் கழிக்கிறது. பனி உருகியதும் சேமித்த சத்தைக் கொண்டு தலை வழியாக முளைத்து, கோடையில் வித்துகளைக் காற்றில் விடுகிறது.

இதில் ஒரு சிக்கல். முளை வளர வளர, கீழே புழுவுக்குள் இருக்கும் சத்து காலியாகும், உடம்பு தொளதொளத்துப் போகும். இதை மருந்தென்று வாங்குகிற சந்தையில் விலை போவதோ கெட்டியான புழுவும் குட்டையான முளையும்தான். ஆக, அதிக விலைக்குப் போவது வித்து விடாதது. தரமான சரக்குக்கு மிக அதிக விலை கிடைப்பதால் மே, ஜூனில் ஊரே மலையேறித் தோண்டுகிறது. 2020இல் ஐயூசிஎன் என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இதை அழியக்கூடிய நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். 1993இல் சீனப் பெண் ஓட்டக்காரர்கள் உலக சாதனைகளை நொறுக்கியபோது பயிற்சியாளர் இந்தப் பூஞ்சைக்கும் ஆமை ரத்தத்துக்கும் பெருமை கொடுத்தார், உலகமே வாங்க ஓடியது. ஊக்கமருந்து கொடுக்கப்பட்டதாக அந்த வீராங்கனைகள் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016இல்தான் வெளிவந்தது. அதே வருடம் சீன மருந்து நிர்வாகம் இந்தப் பூஞ்சைப் பொருட்களில் ஆர்சனிக் அளவு மீறியிருப்பதாக எச்சரித்தது. ஆண்மை, ஆயுள் என்று சொல்லி விற்பவர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள். இணையத்தில் கார்டிசெப்ஸ் காப்ஸ்யூல் என்று விற்பதில் பெரும்பகுதி அரிசியில் வளர்க்கும் மிலிட்டாரிஸ் என்ற வேறு இனம்.

பூச்சியைத் தின்னும் இந்தப் பூஞ்சைக் கூட்டத்திலிருந்து நிஜ மருந்தே வரவில்லை என்றும் சொல்ல முடியாது. சிறுநீரக மாற்று சிகிச்சையில் உடல் புதிய உறுப்பை நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரின், நார்வே மண்ணில் கிடைத்த ஒரு சாதாரணப் பூஞ்சையிலிருந்து எடுக்கப்பட்டது. அது வண்டுப் புழுவைத் தின்று முளைக்கும் பூஞ்சையின் இன்னொரு முகம் என்பது 1990களில்தான் தெரிந்தது, அதுவும் யாரோ காட்டில் பொறுக்கிய காளானை உட்கார்ந்து அடையாளம் கண்டதால். நம் பல்கலைக்கழகங்களில் அப்படி அடையாளம் காணத் தெரிந்தவர் ஓய்வுபெற்றால் அந்த இடத்தை நிரப்பக்கூட யோசிக்கிறார்கள். மூலிகைக் கண்காட்சிகளுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை இங்கே திருப்பினாலே போதும் என்பது என் கட்சி.