வழவழப்பான துப்பாக்கிப் புல்லட்டின் வேகம் ஏன் குறைகிறது?

தக்கலை வாசகர் ஒருவரின் கேள்வி: "மாலிப்டினம் பூசிய புல்லட் வழுக்கிக்கொண்டு போகும் என்கிறார்கள். ஆனால் அதே அளவு வெடிமருந்துக்கு வேகம் குறைவாகக் காட்டுகிறதே, வேகம் அளக்கும் கருவி பழுதா?"

பழுதில்லை. ரைபிள் மருந்து அழுத்தம் ஏற ஏற வேகமாக எரியும். செம்பு உறை போட்ட புல்லட், குழலின் உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்களுக்குள் நசுங்கி நுழையும்போது முரண்டு பிடிக்கிறது. அந்த நொடித்துளியில் பின்னால் வாயு நெருங்கி, அழுத்தம் எகிறி, மீதி மருந்தும் சடசடவென்று எரிகிறது. பூச்சு இருந்தால் முரண்டு குறைவு. புல்லட் முன்னதாகவே நகர்ந்து வாயுவுக்கு இடம் விடுகிறது. அழுத்தம் தாழ்ந்து மருந்து மந்தமாகிறது. உராய்வில் மிஞ்சியதைவிட அழுத்தத்தில் இழந்ததே அதிகம்.

இழந்த வேகத்தை மீட்க மருந்தைச் சற்றுக் கூட்டுவார்கள். ஆபத்து அங்கேதான். கூட்டிய அளவை வெறும் புல்லட்டுக்கும் அப்படியே போட்டால் அழுத்தம் வரம்பு மீறும். இரண்டுக்கும் தனிக் குறிப்பு, தனிப் பெட்டி வேண்டும். (1959 ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.)

புல்லட்டில் பூசும் தூளான மாலிப்டினம் டைசல்பைடின் அழகு அதன் அடுக்கில் இருக்கிறது. நடுவில் மாலிப்டினம் அணுத்தளம், மேலும் கீழும் கந்தகத் தளங்கள். இம்மூன்றுக்குள் பிணைப்பு இரும்புப்பிடி. ஆனால் ஓர் அடுக்கின் கந்தகமும் அடுத்த அடுக்கின் கந்தகமும் முகம் பார்க்கும் இடத்தில் இருப்பது பலவீனமான வான்டர்வால்ஸ் ஈர்ப்பு மட்டுமே. பக்கவாட்டில் தள்ளினால் போதும், அடுக்கு அடுக்காக வழுக்கும். கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரும் இதே வித்தைதான்.

உப்புக்காற்றில் இறுகிய பூட்டுக்குப் பென்சில் கரியைச் சுரண்டிப் போடுவோம் அல்லவா? அந்தக் கிராஃபைட் நன்றாக வழுக்கக் காற்றில் நீராவி வேண்டும். இரண்டாம் உலகப் போரில் மிக உயரே பறந்த விமானங்களின் மின்கருவிகளில் மின்சாரம் கடத்தும் கிராஃபைட் துண்டுகளான கார்பன் பிரஷ்கள் மளமளவென்று தேய்ந்து தூளானது அங்கே ஈரமில்லாததால்தான். மாலிப்டினம் டைசல்பைடு நேரெதிர். வெற்றிடத்தில் அபாரமாக வழுக்கும், விண்கலங்களின் மூட்டுகளில் அதைப் பூசுகிறார்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டக் காற்றிலோ உராய்வு கூடும். மெல்ல ஆக்சிஜனேற்றமடைந்து, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, குழல் எஃகையும் அரிக்கும். குளச்சல், முட்டம் பக்கம் இருப்பவர்கள் சுட்ட அன்றே குழலைச் சுத்தம் செய்து எண்ணெய் தடவிவிட வேண்டும். கடலோரத்துக்கு நான் சொல்வது ஹெக்சகனல் போரான் நைட்ரைடு. அதுவும் அடுக்குப் பொருள்தான். நிறம் வெள்ளை, கந்தகம் கிடையாது.

பூசும்முன் புல்லட்டை அசிட்டோனில் கழுவி உலர்த்த வேண்டும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு திட்டுத்திட்டாக உரியும். தூளை அள்ளிப் போடுவதும் தவறு. மிகுதியானது குழலின் தொண்டையில் படிந்து அழுத்தத்தைத் தாறுமாறாக்கும். சுத்தம் செய்த குழலில் முதல் சில புல்லட்டுகள் வேறிடத்தில் படும். உள்சுவரில் பூச்சு சீராகப் படிந்தபிறகே ஓரிடத்தில் சேரும். நடுவே பூசாததைக் கலந்தால் அந்தச் சீர் கெட்டுவிடும்.

பூச்சின் உண்மையான லாபம், குழலில் செம்பு ஒட்டுவது குறைந்து, நீண்ட நேரம் துடைக்காமல் சுடலாம் என்பது. இருபது முப்பது முறை சுட்டதும் குழலைத் துடைப்பவருக்கு வெறும் செம்புப் புல்லட்டே போதும்.