1817 தீப்பெட்டிகளும் ஒரு சதுர ஓட்டையும்

குடியாத்தத்தில் என் அக்கா வீட்டுக்காரர் மளிகைக் கடை வைத்திருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது, ப்ளஸ் ஒன் படிக்கும் அக்கா மகன் கேட்டான்: "மாமா, ரெண்டு நம்பரைப் பெருக்கினா ஒரு நிமிஷம். வந்த விடையைத் திருப்பிப் பிரிக்கிறது மட்டும் இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டம்?" இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்த எண்ணையே பூட்டாக வைத்து இணையத்தில் தகவலைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையே இந்தக் கஷ்டத்தை நம்பித்தான் நிற்கிறது என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். பார்த்தது சரிதான்.

2, 3, 5, 7 என்று பகா எண்களால் வரிசையாக வகுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. சின்ன எண்ணுக்குச் சரி. 600 இலக்க எண்ணுக்குப் பிரபஞ்சத்தின் வயது போதாது.

அலமாரியில் தீப்பெட்டி பண்டல்கள் இருந்தன. 1817 தீப்பெட்டிகளை மிச்சமில்லாமல் ஒரு செவ்வகமாக அடுக்க முடியுமா? அவ்வளவு பெட்டி கடையில் இல்லாததால் பில் நோட்டில் கட்டம் போட்டோம். 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் சொன்ன தந்திரம் இது: செவ்வகத்தைத் தேடாதே, சதுரமாக அடுக்கிப் பார். 43க்கு 43 அடுக்க 32 பெட்டி குறைகிறது. 44க்கு 44 என்றால் 119 குறைகிறது. இப்படியே போனால் 51க்கு 51இல் 784 குறையும். 784 என்பது 28க்கு 28. அதாவது பெரிய சதுரத்தின் மூலையில் சின்னச் சதுரமாக ஓர் ஓட்டை. மீதி 'ட' வடிவம். அதன் நிற்கும் பகுதியை வெட்டிப் படுக்கும் பகுதியோடு ஒட்டினால், 23 அகலமும் 79 நீளமும் உள்ள பட்டை. 1817 = 23 × 79. பள்ளியில் a² − b² என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

ஒன்பது முயற்சி ஆயிற்று. காரணிகள் ஒன்றுக்கொன்று தள்ளி இருந்தால் இந்த முறை வகுத்துப் பார்ப்பதைவிட மோசம். ஆனால் 1920களில் கிரைச்சிக் என்ற கணிதர் கண்ட ஒரு விஷயம் இருக்கிறது. எனக்கு இன்றும் சலிக்கவில்லை. முழுச் சதுர ஓட்டைக்காக ஏன் காத்திருக்க வேண்டும்? 43இல் குறை 32. 47இல் குறை 392. இரண்டுமே முழு வர்க்கம் இல்லை. 32இல் ஐந்து 2கள். 392இல் மூன்று 2களும் இரண்டு 7களும். ஆளுக்கொரு 2 ஜோடியில்லாமல் நிற்கிறது, ஒத்தைச் செருப்பு மாதிரி. இரண்டையும் பெருக்குங்கள்: 12544. ஒத்தைகள் ஜோடி சேர்ந்து 112இன் வர்க்கம் ஆகிவிட்டது!

அந்தப் பக்கம் 43 × 47 = 2021. அதில் 1817ஐக் கழித்தால் 204. 43²ஐயும் 32ஐயும் 1817ஆல் வகுத்தால் ஒரே மீதிதான். 47²க்கும் 392க்கும் அப்படியே. ஆக 204² − 112² கட்டாயம் 1817ஆல் வகுபடும். அதாவது 92 × 316க்குள் நம் எண்ணின் காரணிகள் ஒளிந்திருக்கின்றன. 92க்கும் 1817க்கும் மீப்பெரு பொதுக் காரணி பார்த்தால் 23. சில சமயம் காரணிகள் எல்லாம் ஒரே பக்கம் போய்ச் சேர்ந்து காலை வாரிவிடும். அப்போது வேறு ஜோடி பார்க்க வேண்டியதுதான். 51 வரை போகாமல் 47இலேயே விடை வந்ததைப் பார்த்து பையன், "மாமா, இது ஏமாத்து வேலை" என்றான்.

1981இல் கார்ல் பொமரன்ஸ் என்ற கணிதர் இந்த 'ஏமாத்து வேலை'யைப் பெரிய அளவில் செய்ய இருபடிச் சல்லடையை உருவாக்கினார். எந்தப் பகா எண் ஒற்றைப்படையில் நிற்கிறது, எது இரட்டைப்படை என்று 1, 0 மட்டும் குறித்துக்கொண்டு, எந்தெந்தக் குறைகளைச் சேர்த்துப் பெருக்கினால் எல்லாம் இரட்டையாகும் என்று கணினி தேடும். ஆர்.எஸ்.ஏ. முறையைக் கண்டுபிடித்தவர்கள் 1977இல் 129 இலக்க எண்ணொன்றைக் கொடுத்து, உடைப்பவருக்கு நூறு டாலர் பரிசு என்றார்கள். 1994இல் சுமார் 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை ஈந்து, எட்டு மாதத்தில் இந்தச் சல்லடையால் அதை உடைத்தார்கள். 2020இல் இன்னும் நுட்பமான எண் களச் சல்லடையில் 250 இலக்க எண்ணும் விழுந்தது. இன்று வழக்கத்தில் உள்ள பூட்டு 617 இலக்கம்.

நடுவில் ஒரு வயிற்றெரிச்சல். அக்கா வீட்டுக்காரர் கடை போன் நம்பரின் கூட்டுத்தொகை 9 வர வேண்டும் என்று கூடுதல் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார். கூட்டுத்தொகை 9 என்றால் அந்த எண் 9ஆல் வகுபடும். எண் ஜோதிடத்தில் நான் கண்ட ஒரே உண்மை அதுதான். அதைப் பூட்டாகப் போட்டால் மூன்றாம் வகுப்புப் பிள்ளை திறந்துவிடும். ஆனால் பயனில்லாக் கணக்குக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவரும் அவர்தான். மூட்டு வலிக்கு வேலூர் சி.எம்.சி.யில் எம்.ஆர்.ஐ. எடுத்தவர் அவர். அந்தக் கருவி பிடிக்கும் அலைகளைப் படமாக்கும் விரைவு ஃபூரியே உருமாற்றமும் ஒரு காரணிப்படுத்தல்தான்: பெரிய அணியொன்றை, அதாவது எண்கள் நிரம்பிய கட்டத்தை, பெரும்பாலும் பூச்சியங்களான பல அணிகளின் பெருக்கலாகப் பிரிக்கிறது. 1024 புள்ளிகளுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பெருக்க வேண்டியது சில ஆயிரங்களில் முடிகிறது.

கிளம்பும்போது பையனுக்கு ஒரு எண் கொடுத்தேன்: 8633. பஸ் ஏறுவதற்குள் போன் வந்தது. "93க்கு 93, ஓட்டை 16. மொத அடியிலயே விழுந்துடுச்சு மாமா." 89ம் 97ம் பக்கத்துப் பக்கத்துப் பகா எண்கள், அப்படி இருந்தால் ஃபெர்மாவிடம் தப்ப முடியாது. 2022இல் சில பிரிண்டர்களின் ஆர்.எஸ்.ஏ. பூட்டுகள் இதே தவறால்தான், இதே பழைய முறையில் உடைந்தன.