குமிழி வந்தால் போதாது

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரிய மின்தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. தொழிற்சாலைகள் பூட்டிக் கிடந்தன, வெயிலுக்கு விடுமுறை இல்லை. அதன்பிறகு வெள்ளவத்தையில் எந்த விசேஷத்துக்குப் போனாலும், அந்த உபரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து ஐதரசன் எடுக்கலாமே என்று என்னிடம் யாராவது கேட்கிறார்கள். எடுக்கலாம், ஆனால் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கிலோ ஐதரசன் எடுக்க இன்றைய இயந்திரங்களுக்கு 50 அலகுக்கும் மேல் மின்சாரம் தேவை. அதை எரித்தால் ஏறத்தாழ 33 அலகுதான் திரும்பக் கிடைக்கும். தண்ணீரே எரிபொருள் என்று கார் ஓட்டிக் காட்டுபவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மின்சாரம் வீணாகும் முக்கிய இடம் ஒட்சிசன் வெளிவரும் மின்வாய், அதாவது மின்சாரத்தை நீருக்குள் செலுத்தும் முனை. கோட்பாட்டளவில் 1.23 வோல்ற்று போதும். ஆனால் அங்கே நடக்கும் தாக்கம் மந்தமானது, மேலதிக மின்னழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டியிருக்கிறது. தண்ணீரைப் பிரிக்கும் கலங்களுள் அமில வகையில் அதை விரைவுபடுத்தியும் கரையாமல் தாக்குப்பிடிப்பது இரிடியம். உலகம் முழுவதிலும் ஆண்டுக்கு 10 தொன்கூடக் கிடைக்காத உலோகம் அது. எனவேதான் என்னைப் போன்றவர்கள் காரக் கலத்தில் நிக்கலையும் இரும்பையும் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ஆய்வுகூடத்தில் ஏமாறுவது எளிது. சோதிக்கும் மாதிரிக்குத் துணை மின்வாயாகப் பிளாற்றினக் கம்பியை வைத்தால், அது மெல்லக் கரைந்து நம் மாதிரியின்மேல் படியும். பிறகு "பிளாற்றினம் இல்லாத மலிவு ஊக்கி" (தாக்கத்தை விரைவுபடுத்தும் பொருள்) பிளாற்றினம் போலவே வேலை செய்கிறது என்று கொண்டாட்டம்! ஐதரசன் பக்கத்தைச் சோதிக்கும்போது காரீயக் (பென்சில் கரி) கோலை வையுங்கள். காரக் கலத்துக்கான பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் துளியளவு கலந்திருக்கும் இரும்பும் நிக்கலில் ஏறி அதன் திறனைக் கூட்டிவிடும். புகழ் நிக்கலுக்குப் போகும். கொழும்புக் காற்றில் இன்னொரு தொல்லை: போத்தலைத் திறந்து நிறுப்பதற்குள் அந்த ஐதரொட்சைட்டு வில்லைகள் வியர்த்துக் கரண்டியில் ஒட்டிக்கொள்ளும், காபனீரொட்சைட்டையும் உறிஞ்சும். தராசு காட்டும் நிறையை நம்பாமல், கரைசலைச் செறிவு தெரிந்த அமிலத்தால் நியமித்து (நடுநிலையாக்கி அளந்து) அதன் செறிவைப் பார்ப்பதே பாதுகாப்பு.

ஆய்வுக் கட்டுரைகள் பலவும் மின்வாயின் சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லி அம்பியரில் பெருமை பேசுகின்றன. தொழிற்சாலைக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். அதைவிடக் கடினமான சோதனை, மேகம் மறைக்கும்போது வருகிறது. கலம் நின்றதும் மின்னோட்டம் பின்னோக்கிப் பாய்ந்து, ஐதரசன் தந்த மின்வாயையே ஒட்சியேற்றும். இடைவிடாமல் ஓடியபோது அசையாத ஊக்கிப் பூச்சு, இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டும்போது உதிர்வதுண்டு. சூரிய மின்சாரத்துக்கென்று செய்யும் பொருளை இதில் சோதிக்காமல் மலிவு என்று சொல்வதை நான் ஏற்பதில்லை.

காலிமுகத்திடல் கடல்நீரை அப்படியே ஊற்றலாமா என்றும் கேட்கிறார்கள். உப்பிலிருந்து குளோரின் வரும், மின்வாயும் அரிக்கும். ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் நீர் போதும். அவ்வளவு நீரை உவர்நீக்கச் செலவாகும் மின்சாரம் ஓர் அலகில் ஒரு சிறு பங்குதான். நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள்.